கொழுந்துக்கு ஆய்வுகூடம், கொழுந்தெடுப்பவளுக்கு?

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியின் கோப்பிச் செடிகளில் இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி படியத் தொடங்கிற்று. அஃது என்ன நோய் என்று அங்கிருந்த துரைமார் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லையே என்று அவர்கள் கைகட்டி இருந்துவிடவும் இல்லை. நோய்ப்பட்ட இலைகளைப் பறித்துப் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அத்தோட்டத்தின் தலைவராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பாதிரியார், பங்கசு நூலில் வல்லவர், நுணுக்குக்காட்டியின் கீழ் அவற்றை வைத்துப் பார்த்து, அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே நோயை இன்னதென்று கண்டு அதற்குப் பெயரும் இட்டார். மலைநாட்டில் வாடிய ஓர் இலை ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து சென்று தன் நோயின் பெயரை அறிந்துகொண்டது.

கோப்பி பிழைக்கவில்லை, அது வேறு கதை. அதன் இடத்தில் தேயிலை வந்தது. சீனத்துத் தேயிலைக் கன்றுகளை 1841இலேயே கொணர்ந்து நட்டுப் பார்த்த இடங்களுள் நமது புசல்லாவையின் றொத்சைல்ட் தோட்டமும் ஒன்று. அத்தேயிலைக்கு 1925இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். தலவாக்கலையில் அது இன்றும் இயங்குகிறது. 1946இல் கொப்புள நோய் தேயிலையைத் தாக்கியபோது, அந்நிலையத்தின் விஞ்ஞானிகள் இரவு பகல் பாராது உழைத்துச் செம்பு மருந்து தெளிக்கும் முறையைத் தோட்டம் தோட்டமாகப் பரப்பினார்கள். இன்றும் ஒரு மலையில் மண் புளித்துவிட்டதா, இலையில் எந்தச் சத்துக் குறைந்திருக்கிறது என்று அறிய மாதிரி எடுத்து அனுப்புவதற்கு முறை உண்டு, பெட்டி உண்டு, பெறுபேறு வந்து சேர நாளும் உண்டு. இவற்றை நாம் குறை சொல்லவில்லை. இலை வாழ்ந்தால்தான் இம்மக்களும் வாழ முடியும்.

நாம் கேட்பது ஒன்றுதான். அந்தக் கொழுந்தை எடுக்கும் பெண்ணுக்கு மூச்சு முட்டும்போது, அவள் நோயின் பெயரை அறிந்துகொள்ள என்ன முறை இருக்கிறது?

புசல்லாவைத் தோட்டமொன்றின் மேற்கணக்கு லயத்தில் வாழும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். நவம்பர் மாதம். மலையை மூடிக்கொண்டு மூடுபனி, இடைவிடாத தூறல். காய்ச்சலும் இருமலும் தொடங்கி நான்கு நாளாயிற்று. முதல் இரண்டு நாள் பிரட்டுக்குப் போனாள். போகாவிட்டால் பேர் இல்லை. மூன்றாம் நாள் எழ முடியவில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் பனடோலும் ஒரு கிருமிக்கொல்லி மருந்தும் கிடைத்தன. நாலாம் நாள் அதே காம்பராவில், அடுப்புப் புகையின் நடுவே, எட்டு மாதக் குழந்தைக்கும் மூச்சு வாங்கத் தொடங்கிற்று. அவளுக்கு வந்தது இன்புளுவென்சாவா? கொவிட்டா? சிறு குழந்தைகளின் சுவாசத்தைத் திணற வைக்கும் ஆர்.எஸ்.வி. எனும் வைரசா? வெறும் தடிமனா? டிஸ்பென்சரியில் உள்ளவருக்கும் தெரியாது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கண்ணால் பார்த்தும் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டும் இவற்றைப் பிரித்தறிதல் பெரிய வைத்தியர்களுக்கே இயலாத காரியம்.

பிரித்தறிய வேண்டுமானால் மூக்கினுள்ளிருந்து சளி மாதிரி எடுக்க வேண்டும். அதற்கு அவள் மலையிறங்கிக் கடைவீதிக்கு வந்து, பஸ் ஏறி, கம்பளைக்குப் போக வேண்டும். அங்கிருந்தும் அனுப்பப்பட்டால் பேராதனைக்கோ கண்டிக்கோ போக வேண்டும். புசல்லாவையிலிருந்து கண்டி ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். வரைபடத்தில் அது ஒரு விரற்கடை. நோய்ப்பட்ட தாய்க்கும் கைக்குழந்தைக்கும் அது ஒரு நாட்கூலி, பஸ் செலவு, துணைக்கு வரும் கணவனின் இன்னொரு நாட்கூலி, மூத்த பிள்ளையை அயல் காம்பராவில் ஒப்படைத்துவிட்டுப் போகும் கவலை. ஆகவே அவள் போவதில்லை. குழந்தைக்கு உதடு நீலம் பூத்தபின் போகிறாள்.

2021இல் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு பெண்ணின் வழக்கை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஊரையும் தோட்டத்தையும் பெயரையும் சொல்லோம். அவளிடம் சளி மாதிரி எடுத்த அன்று அவளுக்குக் காய்ச்சல் கடுமை. பெறுபேறு வந்தது ஒன்பதாம் நாள். அதற்குள் காய்ச்சல் விட்டுப்போய், மூன்று நாள் கொழுந்தும் எடுத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் மாலையில் அதிகாரிகள் வந்து, அவளுடைய காம்பராவை மட்டுமன்றி அந்த லயம் முழுவதையும் அடைத்துவிட்டுப் போனார்கள். நோய் பரவக்கூடிய நாட்களில் அவளைத் தடுப்பார் இல்லை. நோய் நீங்கிய நாட்களில் அவளோடு சேர்த்து ஒரு லயமே சிறையிருந்தது. அந்நாட்களுக்கு ஒருவருக்கும் பேர் விழவில்லை. நாம் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதினோம்; விதிப்படி நடந்ததாக இரண்டு வரியில் பதில் வந்தது. அப்பெண் நம்மிடம் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: "ஐயா, அன்னைக்கு மூக்கைக் காட்டாம இருந்திருந்தா அத்தனை குடும்பமும் பட்டினி கிடந்திருக்காதே."

இதைவிடப் பெரிய தோல்வி ஒரு பொதுச் சுகாதார முறைக்கு வேறு என்ன வேண்டும்? பரிசோதனை செய்துகொண்டது குற்றம் என்று ஒரு நேர்மையான தொழிலாளியை எண்ண வைத்துவிட்டோம்.

இப்பரிசோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நம் வாசகர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம். 2020இல் தோட்டங்களிலும் ஊர்களிலும் உலவிய கதைகள் கொஞ்சமல்ல. குச்சி மூளையைத் தொடும் என்றார்கள். குச்சியாலேயே நோய் ஏற்றுகிறார்கள் என்றார்கள். படித்தவர்களுட் சிலரும் அவற்றை நம்பினார்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். மூக்கின் தரையும் வாயின் மேலண்ணமும் ஒரே சுவரின் இரு பக்கங்கள். அந்தத் தரையை ஒட்டி, மேல்நோக்கியன்றி நேரே பின்னோக்கி, குச்சி செல்கிறது. மூக்குத் துவாரத்திலிருந்து காதுத் துவாரம் வரையுள்ள தூரமே அது செல்லும் அளவு. மூக்கும் தொண்டையும் கூடும் அவ்விடத்தில் சில விநாடி நின்று, மெல்லச் சுழன்று, வெளியே வருகிறது. கண்ணில் நீர் வரும், தும்மல் வரும். அவ்வளவுதான். பஞ்சுக்குச்சி என்று நாம் வழக்கிற் சொன்னாலும் அதன் நுனியில் இருப்பது செயற்கை நார். மரத்தண்டுக் குச்சியும் சிலவகைப் பஞ்சும் பரிசோதனையையே கெடுத்துவிடுமாதலால் அவற்றைத் தவிர்க்கிறார்கள்.

எடுத்த மாதிரியை வைரசு அழியாது காக்கும் திரவமடங்கிய குழாயில் இட்டு மூடி, 2 பாகை முதல் 8 பாகை செல்சியசு வரையான குளிரில் வைக்க வேண்டும். அவ்வாறு வைத்தால் மூன்று நாள், அதாவது 72 மணி நேரம், பழுதின்றி இருக்கும். இந்த 72 மணி நேரத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். நம் வாதத்துக்கு அது முக்கியம். ஆய்வுகூடத்தில் வைரசின் மரபுப்பொருளைப் பிரித்தெடுத்து, அதில் அவ்வைரசுக்கே உரிய ஒரு துண்டைத் தெரிந்து, அதைப் பெருக்குகிறார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் நெல்மணியை இரட்டித்த கதையை நம் கமக்காரர் அறிவர். அதுபோல் முப்பது முறை இரட்டித்தால் ஒரு துண்டு நூறு கோடிக்கு மேலாகிறது. அப்போது அது கருவியின் கண்ணுக்குத் தெரிகிறது. இதுவே பி.சி.ஆர். எனப்படும் முறை, அமெரிக்கரான கேரி மல்லிஸ் 1983இல் கண்டு, 1993இல் நோபல் பரிசு பெற்ற முறை. இன்று ஒரே மாதிரியிலிருந்து இன்புளுவென்சா, கொவிட், ஆர்.எஸ்.வி. ஆகிய மூன்றையும் ஒரேவேளையில் தேடும் வசதியும் வந்துவிட்டது. காசநோயைக் கண்டறிய இந்நாட்டில் பயன்பட்டுவரும் ஜீன்எக்ஸ்பேர்ட் போன்ற சிறு இயந்திரங்களில், ஒரு பொதியைச் செருகினால் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே விடை கிடைக்கும். அதற்குப் பெரிய ஆய்வுகூடக் கட்டடமும் தேவையில்லை.

இன்னொன்று, அன்டிஜன் என்ற துரிதப் பரிசோதனை. கால் மணி நேரத்தில் கோடு விழும். மின்சாரம் கூட வேண்டாம். ஆனால் அது சற்றுப் பார்வை மங்கிய சாட்சி. நோயுள்ள நூறு பேரில் குறைந்தது எண்பது பேரையாவது அது கண்டுபிடிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கொவிட் பரிசோதனைக்கு எல்லை வகுத்தது. அப்படியாயின் இருபது பேர் வரை தப்பிவிட இடமுண்டு. அது "உண்டு" என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம்; "இல்லை" என்று சொன்னதை விடுதலைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. பி.சி.ஆரோ மறுவகையில் ஏமாற்றும். நோய் நீங்கிய பின்னரும் சில வாரங்கள் வைரசின் சிதைவுகளைக் கண்டு "உண்டு" என்று சொல்லிவிடும். நாம் மேலே கூறிய பெண்ணின் லயத்தை அடைத்தவர்கள் இந்த உண்மையையும், மாதிரி எடுத்த நாளையும் ஒருங்கே பார்த்திருந்தால், அடைக்க வேண்டியிராது. எங்கள் தொழிலில் சாட்சியை வைத்து மட்டும் தீர்ப்பெழுதுவதில்லை. சாட்சி எப்போது, எதைக் கண்டது என்று குறுக்குக் கேள்வி கேட்போம். இதிலும் அது வேண்டும்.

"பெயரை அறிந்து என்ன பயன்? எல்லாவற்றுக்கும் பனடோலும் கொத்தமல்லியும் தானே" என்று கேட்பார் உளர். பெரும்பாலோருக்கு அது சரி. இளமையும் உடல்வலியும் உள்ள ஒருவருக்கு இரண்டு நாள் தடிமன் என்றால் எந்தக் குச்சியும் வேண்டாம். ஓய்வும் வெந்நீரும் போதும். இருமுகின்ற யாவரையும் வரிசையில் நிறுத்தி மூக்கைச் சோதிக்க வேண்டும் என்பது நம் கோரிக்கையன்று, அது வீண்செலவு. ஆனால் கருவுற்ற பெண், கைக்குழந்தை, முதியவர், ஈளையும் நீரிழிவும் உள்ளவர், மூச்சு வாங்குபவர் ஆகியோர் வேறு. இன்புளுவென்சாவுக்கு ஒசெல்டமிவிர் என்ற மருந்து உண்டு; நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தாற்றான் அதன் முழுப்பயனும் கிட்டும். வைரசு நோய்க்குக் கிருமிக்கொல்லி மருந்தை அள்ளிக் கொடுப்பதால் நோயாளிக்குப் பயனில்லை; அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் வளர்வதே மிச்சம். ஒரு லயத்தில் ஒருவருக்கு இன்ன நோய் என்று தெரிந்தால், அதே கூரையின் கீழுள்ள கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் காக்க வழி தேடலாம். இவை சிறு பயன்களா? இன்னொன்றையும் இடையிற் சொல்லிவைக்கிறோம்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் மூக்குக் குச்சி உதவாது. நெஞ்சிலிருந்து வரும் சளியைக் காசநோய்க்காகச் சோதிக்க வேண்டும். அதற்குரிய மருந்தை அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. தாமதிக்கலாகாது.

2018 மே மாதத்தில் தென் மாகாணத்தில் குழந்தைகள் மூச்சுத்திணறி அடுத்தடுத்து மாண்டபோது நாடே கலங்கிற்று. இனந்தெரியாத வைரசு என்று பத்திரிகைகள் எழுதின. மாதிரிகள் கொழும்புக்குப் போயின. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் சோதித்தது. பலவற்றில் இன்புளுவென்சா இருப்பது தெரிந்தது. பெயர் தெரிந்ததும் பீதி தணிந்தது. மருந்தும் எச்சரிக்கையும் வழிகண்டு சென்றன. 1900இல் தோன்றிய அந்நிறுவகத்துள் தேசிய இன்புளுவென்சா நிலையம் இயங்குகிறது. திறமை வாய்ந்த நிறுவகம். அதன் பணியை நாம் மதிக்கிறோம். தெற்கின் குழந்தைகளுக்குச் செய்ததை நாம் பாராட்டுகிறோம். மலைநாட்டில் ஒரு குழந்தை அவ்வாறு இறந்தால் அதன் சளியும் பொரளைக்குப் போய்ச் சேருமா என்பதே நமது கவலை. இந்நாட்டில் இன்புளுவென்சா ஆண்டுக்கு இருமுறை, மே யூன் மாதங்களிலும் பின்னர் நவம்பர் முதல் ஜனவரி வரையிலும், தலைதூக்குவது வழக்கம். அது தெரிந்தெடுத்த சில வைத்தியசாலைகளின் வாசலுக்கு வருவோரிடம் எடுக்கும் மாதிரிகளைக் கொண்டு கணிக்கப்படுகிறது. வாசலுக்கு வராதவர் கணக்கில் வரமாட்டார்.

கணக்கில் வராமற்போவது மலைநாட்டுத் தமிழருக்குப் புதிதன்று. 1918-19ஆம் ஆண்டுகளின் பெரிய இன்புளுவென்சாவில் இலங்கையில் மாண்டவர் எத்தனை பேர் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள், ஒரு சாரார் ஒரு இலட்சத்துக்குக் குறைவாகவும், இன்னொரு சாரார் மூன்று இலட்சமாகவும் மதிப்பிடுகிறார்கள். இரண்டு இலட்சம் உயிர்கள் இருந்தனவா இல்லையா என்பதே ஆராய்ச்சிக்குரிய பொருளாய்விட்டது! அக்காலத்தில் வைரசைக் காண வழியில்லை, அதை மன்னிக்கலாம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களைக் கணக்கிலிருந்து எடுத்தது கண்ணைத் திறந்துகொண்டு செய்த காரியம். அந்தச் சட்டத்தின் கொடுமை பல பத்தாண்டுகளுக்குப் பின் தீர்ந்தது. டிஸ்பென்சரியின் வாசலில் மட்டும் அதன் வாடை இன்னும் முற்றாகப் போகவில்லை.

சட்டத்தைப் பற்றிப் பேசப் புகுந்ததால் ஒன்றைச் சொல்வோம். வெள்ளையர் ஆட்சியிலே, 1912இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் குறித்து ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் தோட்டத் துரையின் மீது சில கடமைகளைச் சுமத்திற்று. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருத்தல் ஒன்று. நோயுற்ற தொழிலாளியை வேண்டியபோது வைத்தியசாலைக்கு அனுப்புதல் ஒன்று. இவற்றோடு, தன் தோட்டத்தில் யார் யார் நோயுற்றிருக்கின்றனர் என்பதைத் துரை தானே அறிந்துவைத்திருத்தலும் ஒரு கடமையாக விதிக்கப்பட்டது. தொழிலாளர் மீது கொண்ட பாசத்தால் இயற்றிய சட்டம் அன்று அது. உழைப்பு குறையலாகாது என்ற கணக்கால் இயற்றியது. இருந்தாலும் "அறிதல் கடமை" என்ற கொள்கையை அது ஏற்றுக்கொண்டது. 1912இல் அறிதல் என்றால் நெற்றியில் கைவைத்துப் பார்த்தல். இன்று அறிதல் என்றால் என்ன? நோயின் பெயரைக் கண்டறியக் கருவி இருக்கையில் அதைப் பயன்படுத்தாதவன் அறிந்தவனாவானா? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகளுட் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. மற்றவை தோட்டத்தின் கையிலேயே நின்றன. கம்பனியைக் கேட்டால் சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை என்கிறது. அரசாங்கத்தைக் கேட்டால் தோட்டம் கம்பனியின் எல்லை என்கிறது. இந்த வழக்கில் பிரதிவாதிகள் இருவர். ஒருவரும் மன்றுக்கு வருவதில்லை.

காசுள்ளவனுக்கு இத்தொல்லை இல்லை. 2021 ஆகஸ்டில் தனியார் வைத்தியசாலைகளில் பி.சி.ஆர். பரிசோதனைக்கு 6500 ரூபாவும் அன்டிஜனுக்கு 2000 ரூபாவும் உச்ச விலை என்று அரசாங்கம் வர்த்தமானியில் விதித்தது. அதே ஆண்டு மார்ச்சில், நெடும் போராட்டத்தின் பின், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவென்று வர்த்தமானியில் ஏறிற்று. இரு வர்த்தமானிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தன் மூக்கிலுள்ள சளியில் என்ன இருக்கிறது என்று அறிய ஒரு தொழிலாளி அன்று ஆறரை நாள் கொழுந்தெடுக்க வேண்டியிருந்தது. அதுவும் முழுப்பேர் விழுந்தால். கண்டியிலும் கொழும்பிலும் தொழில் புரியும் நம் வாசகர்கள், தம் பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் அன்றே தனியார் ஆய்வுகூடத்துக்குப் போய், மறுநாட் காலையில் கைத்தொலைபேசியில் பெறுபேற்றைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அந்தப் பெறுபேற்றைப் பார்க்கும் வேளையில், தமது பாட்டனார் எந்த லயத்திலிருந்து மலையிறங்கினார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் தகும். எல்லோரும் அப்படி வந்தவரல்லர் என்பதை அறிவோம், வந்தவர் பலர்.

கமக்காரருக்கும் ஒரு சொல். புசல்லாவையிலிருந்து நுவரெலியா வரை லீக்ஸும் கரட்டும் கோவாவும் பயிரிடும் நம்மவர், இலையில் புள்ளி விழுந்தால் அதைக் கிள்ளிக் கையில் எடுத்துக்கொண்டு விவசாய உத்தியோகத்தரைத் தேடி ஓடுகிறார்கள். பசு தீன் எடுக்காவிட்டால் மிருக வைத்தியருக்கு ஆள் அனுப்புகிறார்கள். தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் ஆள் இருமினால் மட்டும், "இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கூலியின்றித்தான். கம்பனித் துரையைக் கண்டிக்கும் நாம் நம் சொந்த வரப்பில் நடப்பதைக் காணாதிருத்தல் முறையன்று.

2020இல் நடந்ததையும் மறைப்பதற்கில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்று வெளிப்பட்டபின், கொழும்பின் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த மலைநாட்டு இளைஞரும் பெண்களும் தீபாவளிக்கு ஊர் திரும்பினர். அவர்களை நம்மவரே எப்படி வரவேற்றோம்? குழாயடியில் தண்ணீர் எடுக்க விடவில்லை. கடையில் கைநீட்டிச் சாமான் கொடுக்கவில்லை. "பொசிட்டிவ்" என்ற ஆங்கிலச் சொல் நம் ஊர்களில் வசைச்சொல்லாயிற்று. பரிசோதனைக்கு அஞ்சி ஒளிந்தவர்களை அரசாங்கம் மட்டுமா ஒளிய வைத்தது?

அரசாங்கமும் தன் பங்குக்கு அச்சத்தை வளர்த்தது. கொவிட்டால் இறந்தவர் உடலை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதி பிறப்பித்து, 2021 பெப்ரவரி வரை அதை விடாது பிடித்திருந்தது. புதைப்பதற்கும் தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியும் கேட்கவில்லை. முஸ்லிம் மக்களின் நெஞ்சில் அது இட்ட புண் ஆறவில்லை. ஒரு குச்சியின் பெறுபேறு, பிள்ளையின் உடலைப் பெற்றோரிடமிருந்து பறித்துச் செல்லும் ஆணையாக மாறுமாயின், எந்தத் தகப்பன் பிள்ளையின் மூக்கைக் காட்டுவான்? புசல்லாவைக் கடைவீதியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பஸ்ஸில் இருமுகிறார்கள். ஒரு சமூகத்தை அச்சுறுத்தி எடுக்கும் சளியால் எந்தச் சமூகத்துக்கும் பாதுகாப்பு வராது.

ஆகவே நாம் அரசாங்கத்தையும் மத்திய மாகாண சுகாதாரத் துறையையும் தோட்டக் கம்பனிகளையும் கேட்பது ஆகாயத்துக் கோட்டையன்று. இங்கேதான் அந்த 72 மணி நேரம் வருகிறது. மாதிரி மூன்று நாள் கெடாதிருக்குமாயின், நோயாளி ஏன் பிரயாணம் செய்ய வேண்டும்? மாதிரி பிரயாணம் செய்யட்டும். மழைக்கால மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், ஐஸ் பெட்டியுடன் ஒரு வாகனம் புசல்லாவைச் சுற்றுத் தோட்டங்களின் டிஸ்பென்சரிகளுக்குப் போய் வந்தால் போதும். கொழுந்து ஏற்றும் லொறி நாள்தோறும் மலையேறி இறங்குகிறதே; கொழுந்து வாடுமுன் தொழிற்சாலைக்குப் போகத் தெரிந்த நிர்வாகத்துக்கு, குழாய் சூடேறுமுன் கம்பளைக்குப் போகத் தெரியாதா? மாதிரி எடுக்கும் முறையைத் தோட்ட வைத்திய உதவியாளருக்கும் தாதியருக்கும் பயிற்றுவிப்பது பெரிய காரியமன்று. மூச்சு வாங்குவோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அங்கேயே அன்டிஜன் பார்த்து, தேவையானோரை மட்டும் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலைநாட்டுச் சாலைகள் பல நாள் அறுந்து கிடந்ததைக் கண்டபின், ஒரு சிறு இயந்திரமாவது மலையின் இப்பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கொவிட் காலத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கண்டி வைத்தியசாலையிலும் பி.சி.ஆர். நடந்தது. அக்காலத்தில் அரச பணத்திலும் நன்கொடையிலும் நாடெங்கும் வந்த இயந்திரங்கள் இன்று எங்கெங்கே, என்ன நிலையில் இருக்கின்றன என்று சுகாதார அமைச்சு மக்கள் முன் பட்டியல் வைக்க வேண்டும்.

பெறுபேறு இரண்டு நாளுக்குள் வரவேண்டும், தமிழில் வரவேண்டும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலத்தில் அச்சடித்த தாளைக் கங்காணியிடம் கொண்டுபோய் வாசிப்பிக்கும் நிலையில், நோயாளியின் அந்தரங்கம் என்ற ஒன்று எங்கே நிற்கும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, பேர். சளி மாதிரி கொடுத்த நாளுக்கும், வைத்தியர் தனித்திருக்கச் சொன்ன நாட்களுக்கும் முழுப்பேர் விழ வேண்டும். இது இல்லையேல் மேலே கேட்ட அனைத்தும் வெறும் காட்சிப்பொருள். ஐஸ் பெட்டி வரும், குச்சி வரும், மூக்கு வராது. தனித்திருப்பது ஊருக்காகச் செய்யும் காரியம். ஊருக்காக ஒருவர் செய்யும் காரியத்தின் செலவை அவருடைய பிள்ளைகளின் சோற்றுப் பானையிலிருந்து எடுப்பது எந்த நீதி நூலில் இருக்கிறது? செலவைக் கம்பனி ஏற்பதா, அரசாங்கம் ஏற்பதா, இருவரும் பங்கிடுவதா என்பதை அவர்கள் பேசித் தீர்க்கட்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தமோ சம்பளச் சபைத் தீர்மானமோ எது வரினும், அதில் இவ்வொரு வரி இடம்பெற வேண்டும் என்று தொழிற்சங்கங்களை நாம் வற்புறுத்துகிறோம். சங்கங்கள் நிறத்தாலும் கொடியாலும் பிரிந்து நிற்கலாம். இருமலுக்கு நிறம் இல்லை.

கேட்டுக்கொண்டிருப்பதோடு நாம் நிற்கப்போவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்நாட்டுப் பிரஜை எவரும் பொது அதிகாரசபையிடம் கேள்வி கேட்கலாம். தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் புசல்லாவைச் சுற்றுத் தோட்டங்களிலிருந்து எத்தனை சளி மாதிரிகள் எடுக்கப்பட்டன, எங்கே அனுப்பப்பட்டன, எத்தனை நாளிற் பெறுபேறு வந்தது, எந்த மொழியில் அறிவிக்கப்பட்டது என்ற நான்கு கேள்விகளுடன் விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்திருக்கிறோம். தமிழில் எழுதிய அவ்விண்ணப்பத்தின் பிரதி நம் காரியாலயத்தில் கிடைக்கும். தோட்டந்தோறும் ஒருவராவது தம் பெயரில் அதைக் கையெழுத்திட்டு அனுப்ப முன்வர வேண்டும். விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வேளையில் வரலாம். கட்டணம் இல்லை. வரும் பதில்களை, வராத பதில்களையும் சேர்த்து, தோட்டவாரியாக இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.